இன்னொரு கால்

"குடிக்கிற தண்ணியிலயா கால் கழுவுதீரு? கூறுகெட்ட மனுசா, மூளை இருக்கா உமக்கு?"

வீட்டுக்குள்ளிருந்து வந்த விஜயலட்சுமியின் குரல் தாராவியின் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. அன்று காலைதான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்த ஆஸியா பதறிப்போய் வெளியே வந்தாள். வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், விஜயலட்சுமியின் கணவர் கோமதிநாயகம் ஒரு கால் மட்டும் ஈரமாக, கையில் சொம்போடு நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, தெரியாமக் கழுவிட்டியளா?"

"தெரிஞ்சேதாம்மா கழுவுனேன்."

"நல்லா இருக்கே! தண்ணிக்கு இங்க படுற பாட்டுக்கு அக்கா ஏசாம என்ன செய்வாக?"

"ஏசட்டும் தாயி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தைராய்டுல வந்த புத்துநோய் மூளைக்குப் பரவி, மாசக்கணக்கா இவளுக்குப் பேச்சே இல்ல. தலைக்குக் கரண்டு, அதாம்மா ரேடியேஷன், வச்சாங்க. பேச்சு வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேத்துல இருந்துதான் ஒண்ணு ரெண்டு வார்த்தை வருது. கோவம் வந்தா முழுசா வருமான்னு பாத்தேன்."

ஆஸியா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னு யாருகிட்ட என்னப் பத்திக் கோள் சொல்லுதீரு?" என்றது உள்ளிருந்து குரல்.

கோமதிநாயகம் ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னொரு கால் பாக்கியிருக்கு," என்று சொம்பை மறுபடியும் டிரம்முக்குள் விட்டார்.