கடைவாய்ப் பஞ்சு

விளக்கின் வெள்ளை வட்டம் தபால்காரரின் திறந்த வாய்க்குள் விழுகிறது. கடைவாயில் பஞ்சு; உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரக்கிறது. பேசுவதே குற்றமாகிவிட்ட ஒரு நாட்டைப் பற்றிய டிவி தொடரில் யார் துரோகி என்று பல் மருத்துவரும் நர்ஸும் அலசிக்கொண்டிருக்கிறார்கள். "தளபதிதான் காட்டிக்கொடுத்தான்," என்கிறார் மருத்துவர். "இல்ல டாக்டர், அந்த ரொட்டிக்கடைக்காரன். அவன் முழியே சரியில்ல." இல்லை, இல்லை என்று தபால்காரரின் விரல் காற்றில் ஆடுகிறது. "வலிக்குதா? இதோ முடிஞ்சிடுச்சு." பஞ்சு வெளியே வந்ததும், நீட்டிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, மரத்துப்போன உதட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சொல்கிறார்: "நாயகியோட அம்மாங்க. நேத்துக் காட்டிட்டாங்களே." மருத்துவரின் இடுக்கி அந்தரத்தில் நிற்கிறது. "நேத்து எபிசோட நாங்க இன்னும் பாக்கலைங்க." மூவருக்கும் சிரிப்பு பீறிடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நர்ஸ் புதுப் பஞ்சு ஒன்றை உருட்டுகிறார்: "வாயத் திறங்க."