அழிந்துபோன பதிவு

"இவங்களை மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக்கூடாது சார்!"

நுகர்வோர் குறைதீர்ப்பு அதிகாரியின் மேசையை மகன் ஓங்கித் தட்டினான். பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே, போனில் பயணக் காப்பீடு விற்கும் பெண்.

"வெளிநாட்டுக்குப் போன இடத்துல அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஏற்கெனவே இருந்த வியாதியை மறைச்சிட்டோம்னு கம்பெனி கையை விரிச்சிருச்சு. விக்கும்போது இவங்க கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டோமா?"

அதிகாரி பெண்ணைப் பார்த்தார். "வியாதி இருக்கான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"பச்சைப் பொய்!" என்றான் மகன்.

"எதுக்குச் சண்டை? போன்ல விக்கிறதை ரெக்கார்ட் பண்ணணும்னு சட்டமே இருக்கு. போடுங்கம்மா, கேட்டுடலாம்" என்றார் அதிகாரி.

மகனுக்குக் குப்பென்று வியர்த்தது. 'உரையாடல் பதிவாகிறது' என்று அன்று முதலிலேயே அந்தப் பெண் சொல்லித்தான் இருந்தாள். அதையெல்லாம் யார் காதில் வாங்குகிறார்கள்?

பெண் போனை எடுத்தாள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். போனைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அழிஞ்சு போச்சு சார்."

மகனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே குரலும் திரும்பி வந்துவிட்டது. "பார்த்தீங்களா சார்! நான் சொல்லல?"

"ரெக்கார்ட் இல்லேன்னா கேக்கலைன்னுதான் அர்த்தம்" என்றார் அதிகாரி. "ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி குடுக்கணும். உங்க லைசென்ஸ் ஆறு மாசத்துக்கு ரத்து."

பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

ஜெயித்தவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் அந்தப் பெண்ணைப் படிக்கட்டில் மறித்தான்.

"நிஜமாவே அழிஞ்சிடுச்சா?"

"இல்ல சார். இருக்கு."

அவன் முகம் வெளிறிப்போனது. "அப்புறம் ஏன் போட்டுக் காட்டல? உங்க பொழப்பே போச்சே!"

"அன்னிக்குப் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்க. வியாதி இருக்கான்னு நான் கேட்டதும் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. 'வாயை மூடு கிழவி, உன்னை யாரு கேட்டா'ன்னு கத்திட்டு, 'ஒண்ணும் இல்லைங்க, எழுதிக்குங்க'ன்னு நீங்க சொன்னீங்க."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்புறம் அவங்க விசும்பினது வரைக்கும் அதுல பதிவாயிருக்கு. நாலு பேர் முன்னாடி உக்காந்து, அதை அவங்க இன்னொரு தடவை கேக்கணுமா சார்?"