காண்க: இயல் ??

நாவல்களில் வரும் கணவர்களைப் பற்றித்தான் பூங்கோதை முனைவர் பட்ட ஆய்வு செய்தாள் என்பது எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் தெரியும். தெரியாதவர் அவள் கணவர் தணிகாசலம் மட்டுமே. "டாக்டராகி யாருக்கு ஊசி போடப் போறே?" என்று நக்கலடித்தே காலத்தை ஓட்டிய மனிதர், அவள் மாரடைப்பில் போன பிறகு அவளுடைய மடிக்கணினியே கதி என்று கிடந்தார். ஐந்து இயல்களை முடித்திருந்தாள். ஆனால் 'கணவர்கள் ஏன் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை என்பதற்குக் காண்க: இயல் ??' என்று பக்கத்துக்குப் பக்கம் நின்றது. எழுதாத இயலுக்குக் கணினி எண் போடாதாம்.

"அந்த வரிய எல்லாம் எடுத்துடுங்க சார். அஞ்சு இயலே போதும், பட்டம் குடுத்துடுவாங்க" என்றார் அவள் ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் அம்மா.

"அவ ஆறாவதுல சொல்றேன்னு எழுதியிருக்காளேம்மா. எடுத்துட்டா நான் எங்க போய்ப் பாப்பேன்?"

மனிதர் ஒரு கேள்விக்குறியைச் சொடுக்கிப் பார்த்தார். வரப்போகும் இயலுக்கு அவள் வைத்திருந்த அடையாளப் பெயர் தெரிந்தது: தணிகாசலம். கடைசியில் வெறும் பக்கம் ஒன்றைச் சேர்த்து, அதற்குத் தன் பெயரையே அடையாளமாகக் கொடுத்தார். கேள்விக்குறிகள் மறைந்து, எல்லா இடத்திலும் 6 வந்து உட்கார்ந்தது. ஒன்றைத் தொட்டதும் அந்த வெள்ளைப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. ஊருக்கெல்லாம் வாயடித்தவர், 'பூங்கோதை' என்று மட்டும் தட்டிவிட்டு, அடுத்த வார்த்தைக்காக இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.