புதுக் கம்பளியின் முதல் விழா

மார்கழிக் குளிரில், நடைபாதையில் படுப்பவர்களுக்குக் கம்பளி வழங்கும் விழா. மேசையில் கிடந்த புதுக் கம்பளிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"வரிசையில முதல்ல நிக்கிற பச்சையம்மாவுக்குப் பல்லு தந்தியடிக்குது. எப்பண்ணே என்னைப் போத்துவாங்க?" என்று பக்கத்திலிருந்த பொன்னாடையைக் கேட்டது.

"பொறு தம்பி. முதல்ல தலைவருக்கு நான். அப்புறம், 'உங்க குளிரு என் குளிரு'ன்னு அவரு முக்கால் மணி நேரம் உருகணும்," என்று தலைவர் குரலிலேயே கரகரத்தது பொன்னாடை.

அவரும் உருகி முடித்தார். கம்பளி பச்சையம்மாவின் தோளில் ஆசையாகப் படர்ந்தது. கேமரா மின்னியதுமே ஒரு கை அதை உருவி, அடுத்தவர் தோளில் போட்டது.

"ஒண்ணுதான் வாங்கினாங்களாண்ணே?"

"படத்துக்கு ஒண்ணு போதாதா?" என்றது தலைவர் கழுத்திலிருந்த பொன்னாடை.

நாற்பது தோள்களில் ஏறி இறங்கி, நாற்பது பேரின் உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு, கம்பளி கதகதப்பாக மேசைக்குத் திரும்பியது.