கோதண்டராமனுக்குக் கண்ணீர் அஞ்சலி

“செத்துப்போனவரு எப்படிப்பா டிவில பேசுறாரு?”

ஐந்து வயது கவிநிலா கேட்டபோது ஜெராக்ஸ் மிஷின் இருபதாவது தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் கறுப்புக் கட்டம், அதற்குள் கோதண்டராமனின் படம், தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. அதே கோதண்டராமன் கடைச் சுவரில் மாட்டியிருந்த டிவியில் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

முருகவேல் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினான். “நீ உள்ள போய் அம்மாகிட்ட இரு” என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் அனுப்பிவைத்தான்.

கல்லூரிகளுக்கான கால்பந்துப் போட்டி தொடங்க இன்னும் பத்து நாள்தான். எந்த அணி ஜெயிக்கும் என்று உள்ளூர் கேபிள் சேனலில் ஆருடம் சொல்ல வந்திருந்தார் கோதண்டராமன். முருகவேலின் கடைக்கு எதிரே இருக்கிற இதே கல்லூரிக்கு ஒரு காலத்தில் கோல்கீப்பராக நின்றவர் அவர். நேற்று சொன்னதைச் சேனல்காரர்கள் இன்றும் மறுபடி போட்டார்கள்.

“நம்ம டீம் இந்த வருஷம் கடைசியிலதான் வரும். கீப்பர் அருண்பிரசாத்துக்கு முட்டி போயிடுச்சு. படி ஏறவே தடுமாறுறான். முதல்ல அவனை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போங்க.”

“கேட்டியாண்ணா?” என்று மேஜையில் ஓங்கிக் குத்தினான் மாறன். ரசிகர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். “நம்ம காலேஜ் உப்பைத் தின்னுட்டு நமக்கே குழி பறிக்கிறாரு.”

“அடி அண்ணாமலையில தன் வூட்டுல உக்காந்துகினு, படி ஏறுறத இவரு எங்கடா பாத்தாரு?” என்றான் கூட்டத்தில் இருந்த வல்லரசு. “எதிர் டீம்காரன் நல்லா கவனிச்சிருப்பான்.”

அருண்பிரசாத்தும் வந்திருந்தான். கடைக்கு மூன்று படி. அவன் ஏறி வராமல் ரோட்டிலேயே நின்றான். “எனக்குக் கால் நல்லாத்தான்ணா இருக்கு. இதுல ஆடினாத்தான் போலீஸ் வேலைக்கு சர்டிபிகேட். நிறுத்திட்டா என் பொழப்பு அவ்ளோதான்” என்று கீழேயிருந்தே கையை நீட்டினான். முருகவேல் குனிந்து அவனுடைய ஹால் டிக்கெட் நகலைக் கொடுத்தான். ஒரு மாதமாகவே அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு மிஷினை நிறுத்திவிட்டு மாறனிடம் திரும்பினான். “வேணாம்டா. உயிரோட இருக்கற மனுசன். அவரு சம்சாரம் இதைப் பார்த்தா என்னா ஆவுறது?”

“என்னாண்ணா, நீயும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டியா?”

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. முருகவேலின் விரல் பச்சைப் பொத்தானை அழுத்தியது. மீதி முப்பது தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

மறுநாள் பொழுது விடிந்தபோது கோதண்டராமன் வீட்டுச் சுவர் முழுக்க அவருக்கே அஞ்சலி. யாரோ அதைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்ப, கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா ஜோதியம்மாள் மாலையும் கையுமாக முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாரில் அடித்துக்கொண்டு வந்தவளுக்குத் தம்பியே கதவைத் திறந்தார். அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம்.

அவர் மனைவி தமிழ்செல்வி அதன்பிறகு வாசலுக்கே வரவில்லை. கோதண்டராமன் யார்மீதும் புகார் கொடுக்கவில்லை. “உங்களுக்கு யாரு சார் சொன்னது?” என்று சேனல்காரர்களே துருவியபோதும், “எனக்குத் தோணுச்சு, சொன்னேன். பழிச்சொல் என்னோட போகட்டும்” என்று முடித்துவிட்டார்.

ஆனால் டிவியில் வந்துவிட்டதே. கல்லூரி நிர்வாகம் பயந்துபோய் அருண்பிரசாத்தை ஸ்கேனுக்கு அனுப்பியது. முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது. “இன்னும் ஒரே ஒரு தடவை எகிறி விழுந்திருந்தா ஆயுசுக்கும் நொண்டிதான். இப்போ ஆபரேஷன் பண்ணிட்டா அடுத்த வருஷம் ஓடலாம், ஆடலாம்” என்றார் டாக்டர். பையனின் அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே மலை இருக்கும் திசை பார்த்து விழுந்து கும்பிட்டாள்.

“ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டாரு, பலிச்சிருச்சு” என்றான் மாறன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தவறென்று தெரிந்த பிறகும் அதைத் திருத்தக் கால் எழாமல் போவதுதான் மனிதனுடைய பெரிய பலவீனம். போஸ்டரைக் கிழிக்க ஒருவரும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோதண்டராமனும் தமிழ்செல்வியும் ஜோதியம்மாளைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போயிருப்பதாகத் தெரிந்தது. மதியம் முருகவேல் கடையைச் சாத்திவிட்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பினான். வண்டியில் ஒரு வாளி, ஒரு தகரத் துண்டு, கொஞ்சம் சுண்ணாம்பு, மட்டை பிரஷ்.

வெயிலுக்குத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பசை காய்ந்து இறுகியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தகரத்தால் சுரண்டி, முடியாத இடத்தில் நகத்தால் பெயர்த்தான். விரல் நுனி எரிந்தது. சுவரில் பூச்சு உரிந்த இடங்களுக்கெல்லாம் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தான்.

கதவில் இருந்ததை மட்டும் முகம் கிழியாமல் மெதுவாக உரித்தெடுத்து, நான்காக மடித்தான். பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்று சொன்னான்.

“அந்தப் பையன் முட்டியப் பத்தி உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னது நான்தான்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லியே, சார்.”