உங்க தமிழ்

"நான் இங்கதான் பொறந்தேன். திருச்சி பெரியாஸ்பத்திரியில."

நான்காவது தடவையாகச் சொல்லிவிட்டாள். ஒரு எழுத்து பிசகவில்லை. பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம். இதை விட்டால் அமைச்சரிடம் சொல்ல அவளிடம் வேறொன்றும் இல்லை.

கேமராவுக்குப் பின்னால் நின்றவன் உதட்டைப் பிதுக்கினான்.

அவன் பெயர் ஈழமாறன். லால்குடிக்காரன், பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. பிறக்கும் முன்பே அவனுக்கு அந்தப் பெயரை அவனுடைய அப்பா முடிவு செய்து வைத்திருந்தாராம். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை கேட்டு ஆறு கல்லூரிகளை ஒன்றுசேர்த்தவன் அவன். உண்ணாவிரதம் இருந்து மூன்றாம் நாள் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவன்.

நல்லவன்தான். அதில் சந்தேகமே கிடையாது. சந்தேகம் இருந்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கல்லூரி விழாவுக்கு அமைச்சர் வருகிறார். மனுவைக் கொடுக்கும் முன் இரண்டு நிமிடப் படம் ஒன்றைத் திரையில் காட்டப்போகிறார்கள். அந்த இரண்டு நிமிடமும் அவள்தான்.

அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. தனியார் மருத்துவமனை. மாதக் கடைசிக்குள் இந்தியக் குடிமகள் என்பதற்கு ஒரு தாள் கொண்டுவந்தால் சேர்ந்துகொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. நர்சிங் பட்டம் இருக்கிறது. அந்தத் தாளுக்குப் பதிலாக முகாம் அட்டை இருக்கிறது.

அமைச்சர் மனது வைத்தால் ஒரு கடிதமாவது தருவார் என்று ஈழமாறன் சொன்னான். அதை நம்பித்தான் வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நம்ம மாதிரியே பேசுறீங்க."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பதினாறு வருட உழைப்பு அது.

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஏதோ கேட்டதற்கு, ஆமாம் என்பதை வீட்டில் சொல்வதுபோல் "ஓம் டீச்சர்" என்று சொல்லித் தொலைத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவளை நமச்சிவாயம் என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கே நாக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வீட்டில் அம்மாவோடு ஒரு தமிழ், முகாமுக்கு வெளியே ஒரு தமிழ். இதுவரை ஒன்று மற்றதோடு கலந்ததில்லை.

அவன் குறை சொல்கிறான் என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது.

"பாக்குறவங்களுக்கு அகதின்னே தோணாதுக்கா. உங்க தமிழ்ல சொல்லுங்க. அப்பதான் மனசுல தைக்கும்."

உங்க தமிழ்.

அது எது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. காரியம் ஆக வேண்டியது அவளுக்கு.

நாலு பேர் பார்க்கும் இடத்தில் உடை மாற்றச் சொன்னதுபோல் கூச்சமாக இருந்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

"நான் இஞ்சதான் பிறந்தனான்."

கைதட்டினார்கள். நிஜமாகவே கைதட்டினார்கள். பதாகை பிடித்திருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'அவர்களும் நம்மவர்களே' என்றது பதாகை.

"சூப்பர்க்கா. இதான். இதத்தான் கேட்டேன்."

கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினான்.

அதில் ஒருத்தி, தான் இங்கேதான் பிறந்ததாகச் சொல்கிறாள். சொல்லும் விதத்தைக் கேட்டால் நேற்றுத்தான் படகிலிருந்து இறங்கியவள் மாதிரி இருக்கிறது.

அமைச்சர் எதை நம்புவார்?

"மொதல்ல எடுத்ததயும் வச்சுக்கங்க தம்பி. அதையும் காட்டுங்க."

"அத அழிச்சாச்சுக்கா. கார்டுல இடம் இல்ல."

பிறகு, பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவளிடம் திரும்பினான்.

"கீழ எழுத்து போட்டுரு. தமிழ்லயே போடு. 'இஞ்ச'ன்னா எங்க ஆளுங்களுக்குப் புரியாது."

கால் மணி நேரத்துக்கு முன்னால் நம்ம மாதிரியே பேசுறீங்க என்றவன்தான். அதற்குள் நம்ம போய் எங்க வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. பேசியவள் தமிழ், பார்க்கப்போகிறவர்கள் தமிழ், நடுவில் மொழிபெயர்ப்பு.

லேப்டாப் பெண் அங்கேயே தட்டினாள். திரையில் அவளுடைய கழுத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்து ஓடியது.

நான் இங்குதான் பிறந்தேன்.

நன்றி சொன்னார்கள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஈழமாறன் வாசல்வரை வந்து இரண்டு கையையும் கூப்பினான். அவளும் கூப்பினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அடித்தது. அம்மா.

"கதைச்சு முடிஞ்சுதோ பிள்ளை? என்னவாம்?"

"பேசிட்டேம்மா. மந்திரிக்குப் போட்டுக் காட்டுறாங்களாம். பஸ் ஏறப்போறேன்."

அம்மாவிடம் ஏன் வெளித் தமிழ் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மாற்றிச் சொல்ல நினைத்தாள். நாக்கு எழவில்லை.

மறுமுனையில் முகாம் குழாயடியில் யாரோ குடம் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

அப்புறம் அம்மா, வெளியாட்களிடம் பேசும்போது மட்டும் வரும் அந்தப் பணிந்த குரலில் கேட்டாள்.

"ஆரம்மா கதைக்கிறது? மகளிட்டை ஒருக்காக் குடுங்கோ."