ஐந்தாவது மயில்கொன்றை

சிப்பாயின் கம்பி மணலுக்குள் ஒரு சாண் இறங்கி, எதிலோ டொக்கென்று தட்டி நின்றது.

அவன் துள்ளிப் பின்வாங்கினான். மற்றவர்கள் துவக்கை நீட்டினார்கள். வேலியோரம் வரிசையாக ஐந்து மயில்கொன்றை. ஒவ்வொன்றின் அடியிலும் மணலோடு மணலாய் ஒரு வட்ட மூடி. மிதிவெடி புதைத்த வளவு மாதிரித்தான் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மார்த்தா கைகூப்பியபடி விளக்கினாள். மன்னார் மணலில் எத்தனை வாளி ஊற்றினாலும் தண்ணீர் தங்காது. கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்முட்டியைப் புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், அது கசிந்து கசிந்து வேரை நனைக்கும். பூமரத்துக்கு இவ்வளவு பாடா என்று அதிகாரி உடைந்த தமிழில் கேட்டான். மாதா சுருவத்துக்குச் சாத்தப் பூ வேண்டும் என்றாள். அதில் பாதி உண்மை.

மற்றப் பாதி ஐந்தாவது முட்டிக்குள் இருந்தது.

போன ஐப்பசியில் துவக்கோடு வந்த இயக்கம் முஸ்லிம்களைத் தீவை விட்டுப் போகச் சொன்னபோது, பக்கத்து வீட்டு நசீறா தன் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகைகளைப் பொலித்தீனில் சுற்றி மார்த்தாவின் கையில் வைத்துவிட்டுத்தான் கற்பிட்டி வள்ளத்தில் ஏறினாள். நகையைப் போட்டுப் புதைத்த அந்த ஒரு முட்டியை மறைக்க மார்த்தா இன்னும் நாலு முட்டி புதைத்தாள். முட்டிகளுக்கு நியாயம் காட்ட மரங்களை நட்டாள். புருஷன் எமிலியானுஸிடம்கூட மூச்சு விடவில்லை.

அன்று முதல் அவள் எவரையும் நம்பவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சுகம் கேட்டவர்களையும் நம்பவில்லை. ஒளித்தவளின் கண் போகும் இடத்துக்குத்தான் ஊரார் கண்ணும் போகும் என்று, அந்த மூலைப்பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள். நாலு முட்டிக்கு நீர் வார்ப்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போவாள். பங்குனியில் கடைசியாக ஓரக்கண்ணால் பார்த்தபோது ஐந்தாவது கன்று இலை கொட்டிச் சுள்ளியாய் நின்றது. செத்தால் சாகட்டும், பூமரம்தானே.

எமிலியானுஸ் மீது இருந்த சந்தேகம் வேறு. கடலுக்குப் போகத் தடை, தொழில் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக அயன் பண்ணிய சேட்டைப் போட்டுக்கொண்டு பட்டினத்துக்குப் போய் வருகிறான். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று மார்த்தா மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

நேற்று புத்தளத்திலிருந்து நசீறாவின் கடிதம் வந்தது. மகளுக்குக் கல்யாணம் பொருந்திவிட்டதாம். நகையை வாங்கிப்போக அவளுடைய புருஷன் சாஹுல் ஹமீட் ஆமியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு வாற கிழமை வருகிறாராம். அந்தக் கடிதம் மார்த்தாவின் சட்டைக்குள் இருந்தது.

முதல் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர். இரண்டாவதிலும் தண்ணீர், மூன்றாவதிலும் அதுவே. நாலாவதிலிருந்து ஒரு தவளை பாய்ந்தது, சிப்பாய்கள் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஐந்தாவதைக் காட்டினான்.

மார்த்தாவின் கை சட்டைக்குள் இருந்த கடிதத்தை அழுத்தியது. நகை வெளியே வந்தால் இயக்கத்துக்குச் சேர்த்த பொன் என்பார்கள். வீட்டு வாசலில் நிற்கும் எமிலியானுஸை ட்ரக்கில் ஏற்றுவார்கள். ஏற்றிய எவனும் அந்த வருடம் திரும்பி வரவில்லை. மடுமாதாவே, மடுமாதாவே என்று நாக்கு உள்ளுக்குள் புரண்டது.

மூடி திறந்தது. அதிகாரி கையை விட்டான். முழங்கைவரை நனைந்து வந்தது.

தண்ணீர்.

கையை உதறிக்கொண்டு, பூ நல்ல வடிவு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் மார்த்தா அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மற்ற நாலும் பூத்து ஓய்ந்திருந்தன. ஐந்தாவதன் உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு புதுக் கொத்து. ஊர் முழுக்கப் பார்த்திருக்கும். அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை.

சுள்ளி துளிர்த்துப் பூக்க எத்தனை நாள் நீர் குடித்திருக்கவேண்டும்? இரண்டு மாதமாவது வேண்டும். அயன் பண்ணிய சேட்டுக்கும் இரண்டு மாதம்தான்.

எமிலியானுஸ் சிப்பாய்கள் வெளியேறிய படலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஒண்டு மட்டும் வாடிக் கிடந்தது. ஏனெண்டு மூடியைத் திறந்து பாத்தனான். பிறகு பட்டினத்திலை கொஞ்சம் கொஞ்சமா வித்துப்போட்டன்."

அவள் குனிந்து ஐந்தாவது முட்டியை மூடினாள். அவனே மெல்லச் சொன்னான்.

"அது இருந்திருந்தா இண்டைக்கு என்னைக் கொண்டுபோயிருப்பாங்கள்."

அது உண்மை. அதனால்தான் அவளால் அவனை அடிக்கவும் முடியவில்லை, கட்டிப்பிடித்து அழவும் முடியவில்லை.

மார்த்தா சட்டைக்குள்ளிருந்து நசீறாவின் கடிதத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். வாசிக்கச் சொன்னாள்.